காலைத் தட்டினால் வழி விடணும்

ஆமாக்கா. அந்த விளம்பர போர்டுல இருக்கிற குழந்தை இவதான். நீங்க சரியாத்தான் கண்டுபிடிச்சீங்க. இந்தத் தாடைத் தழும்பைப் பாத்துட்டுத்தானே சந்தேகப்பட்டீங்க? அது அந்தப் படம் எடுக்கும்போது இல்ல. அப்புறம் வந்தது.

இல்லக்கா, அந்தப் பொம்பள நான் இல்ல. ஐயோ, நான் எங்க, அது எங்க. அது பம்பாய்ல இருந்து வந்த பொண்ணு. நல்ல பொண்ணுதான். இவ மூத்திரம் பெஞ்சப்பகூட முகஞ்சுழிக்கல.

நீங்க பஸ்ஸ விட்டு இறங்கிச் சாப்பிடலையா? கட்டிக்கொண்டு வந்திருக்கீங்களா? நானும் அப்படித்தான். இந்த மாதிரி ஓட்டல்ல ஒரு தோசை வாங்கிட்டு வாங்கன்னு சொல்றதுக்குக்கூட எனக்கு வாய் வராது. நான் யாருட்டயும் பேச மாட்டேன்க்கா. மெட்ராஸ்ல மூணு வருசம் குடியிருந்தேன், மேல் வீட்டு அம்மாவுக்கு என் பேரே தெரியாது. இன்னைக்கு என்னமோ, நீங்க மதுரையில இறங்கிருவீங்க, நான் கோவில்பட்டி போயிருவேன், இனிமே பாக்கப் போறமா என்ன.

என் பேரு செண்பகவல்லி. வீட்ல வல்லி. எட்டாவது வரைக்கும் படிச்சேன். எங்க அய்யா சலூன் வச்சிருந்தாரு. அவருக்கு கை நடுக்கம் வந்துச்சு, கடையில தம்பி நின்னான், வீட்ல அய்யாவப் பாத்துக்கிட நான் நின்னுட்டேன். அய்யாவுக்கு முகச்சவரம் தினமும் நாந்தான். சவரம் பண்ணாம இருந்தா அவருக்கு சாப்பாடு இறங்காது. தம்பிக்கு அவரு தொழில் சொல்லிக் குடுத்தது பலூன்ல. பலூனை ஊதி, மேல சோப்பு நுரையத் தடவி, கத்தியால அந்த நுரைய மட்டும் வழிச்சு எடுக்கணும். தம்பி எத்தனையோ உடைச்சிருக்கான். நான் பக்கத்துல உக்காந்து விளையாட்டா எடுப்பேன். என் கையில ஒண்ணுகூட உடைஞ்சதில்லக்கா. அய்யா சொல்லுவாரு, இவ ஆம்பளப் புள்ளையா பொறந்திருந்தா நான் நாற்காலிய இவகிட்ட குடுத்துட்டு நிம்மதியா படுத்திருப்பேன்னு.

எங்க அத்தானைப் பத்திக் கேட்டீங்கள்ல. சொல்றேன். இசக்கிராஜ்னு பேரு. மெட்ராஸ்ல எல்லாரும் ராஜ்ம்பாங்க. எங்க அத்தை மகன்தான். ஆறாப்புலயே விளையாட்டு விடுதிக்குப் போயிட்டாரு. நீச்சல். மெடலா வாங்கி, அதுலயே வேலையும் வாங்கி, இந்தியா டீம் வரைக்கும் போயிட்டாரு. அப்புறமும் அத்தை சொன்ன வாக்குக்காக என்னைய வந்து கட்டிக்கிட்டாரு. நீங்களே சொல்லுங்க, வேற யாராச்சும் கட்டுவாங்களா? அவரு இருந்த இருப்புக்கு எப்படியெப்படிப்பட்ட பொண்ணெல்லாம் வந்திருக்கும். கோபம் வந்தா மட்டும், "சிரைக்கப் பொறந்தவளே"ன்னு ஒரு வார்த்தை விடுவாரு. அவங்க அப்பாவும் எங்க அய்யாவும் ஒரே கடையில ரெண்டு நாற்காலி போட்டு நின்னவங்கதான். கோபத்துல மனுசனுக்கு எது ஞாபகம் இருக்கும்.

கோபம்னு சொன்னேன்ல, எல்லா நாளும் இல்லக்கா. அப்படி நினைச்சுறாதீங்க. நீச்சல்ல டைம் சரியா வராத நாள்ல மட்டுந்தான். பயிற்சிப் பைய வாசல்ல எப்படி வைக்கிறாருன்னு பாத்தே கண்டுபிடிச்சிருவேன். மெதுவா வச்சா நல்ல டைம். போட்டாருன்னா நான் குழந்தைய உள்ள கொண்டுபோய் தொட்டில்ல விட்டுட்டு, அடுப்ப அணைச்சிட்டு வந்து நிப்பேன். அடுப்பு எரிஞ்சா ஆபத்து பாருங்க. ஒருதடவ குழம்புச் சட்டி மேல விழுந்துட்டேன். அதுலருந்து முதல்ல அடுப்ப அணைச்சிருவேன்.

அங்க குளத்துலயும் அப்படித்தானாம். கோச் பத்மநாபன் சார், கைல பிடிச்சுக்கிட்டு கால் அடிச்சுப் பழகுற கால்பலகைய எடுத்து மண்டையில எறிவாராம். தண்ணிக்குள்ள இருக்கவன் தலைய வெளிய எடுக்கிற நேரம் பாத்து எறிவாராம். "நான் அடிக்கலன்னா தண்ணி உன்னைய அடிக்கும்டா"ன்னு சொல்லுவாராம். அத்தான் காதுக்குப் பின்னால ஒரு வெட்டு இருக்கு, சார் எறிஞ்சதுதான். அதைத் தடவிக் காட்டி பெருமையா சொல்லுவாரு. அங்க வாங்குறத இங்க இறக்கி வைக்கணும்ல. வேற எங்க போய் இறக்குவாரு?

ரிலேன்னா என்னன்னு தெரியுமாக்கா? எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால தெரியாது. நாலு பேரு. ஒருத்தர் போய் வந்து சுவத்தைத் தொடணும், அவரு தொட்ட பிறகு அடுத்தவரு அவரு தலைக்கு மேல பாயணும். வெளிநாட்டுப் போட்டிக்குப் போற டீம்ல மூணு பேரு உறுதி. நாலாவது இடம் இருக்கே, அதுக்குத்தான் அத்தனை அடிதடியும். மூணு வருசமா அந்த இடம் எங்க அத்தானோடது. அப்பத்தான் ஜோயல்னு ஒருத்தன் வந்தான். இருபத்திரெண்டு வயசு. பாக்க நல்லா இருப்பான். அத்தானுக்கு அவன் பேரச் சொன்னாலே கழுத்து நரம்பு புடைக்கும்.

அதே நேரந்தான் இந்த சோப்புக் கம்பெனியும் வந்துச்சு. குழந்தைங்களுக்குப் போடுற சோப்பு. நிஜமான நீச்சல்காரரு, அவரோட நிஜமான பொண்டாட்டி, நிஜமான குழந்தை, குடும்பத்தோட எடுக்கணும்னாங்க. ஒரே ஒரு நிபந்தனை. அவரு ரிலே டீம்ல இருக்கணும். டீம் அறிவிச்ச பிறகுதான் விளம்பரம் வெளிய வரும். அதுக்கு முன்னால படம் மட்டும் எடுத்து வச்சுக்குவாங்களாம். வீட்டுக்கு ரெண்டு பேரு வந்து இவளத் தூக்கிப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. "அண்ணி நேச்சுரலா இருக்காங்க"ன்னு அந்த ஏஜென்சி தம்பி சொல்லிச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. சமையக்கட்டுக்குள்ள போயிட்டேன்.

அன்னையிலிருந்து அத்தான் என் முகத்துல கையே வைக்கலக்கா. அவ்வளவு பொறுப்பு. முதுகு, தொடை, இங்க தோள்பட்டைக்குக் கீழ, ஜாக்கெட் மறைக்கிற இடமாப் பாத்துத்தான். அடிக்கும்போதே, "மூஞ்சத் திருப்பிக்கோட்டி, மூஞ்சத் திருப்பிக்கோ"ன்னு சொல்லுவாரு. அந்தக் கோபத்துலயும் அந்த நிதானம் யாருக்கு வரும்.

ஆனா என் நேரம் பாருங்க. படப்பிடிப்புக்கு நாலு நாள் இருக்கு. அன்னைக்கு எங்க கல்யாண நாள். காலையிலயே தலைக்குக் குளிச்சு, அரக்குப் பட்டு உடுத்தி, பூ வச்சு, பால் பாயசம் வச்சிருந்தேன். அவரு பயிற்சி முடிச்சு வந்தாரு. பைய மெதுவாத்தான் வச்சாரு, அதுதான் எனக்கு இன்னைக்கும் புரியல, மெதுவாத்தான் வச்சாரு. பேசாம போய் பாய்ல குப்புறப் படுத்துட்டாரு. தூங்கிட்டாருன்னு நினைச்சேன். ஆசீர்வாதம் வாங்கிக்கிடுவோம்னு காலடியில உக்காந்து, ரெண்டு பாதத்தையும் இப்படி விரலால தொட்டேன்.

நெஞ்சுல விழுந்துச்சு உதை. நீச்சல்காரர் கால்க்கா அது. தண்ணியையே பிளக்குற கால். நான் பின்னால போய் கட்டில் விளிம்புல விழுந்தேன், புருவம் பிளந்துருச்சு. இதோ, இங்க, புருவ முடிக்குள்ள மறைஞ்சிருக்கு பாருங்க. ரத்தம் கண்ணுக்குள்ள இறங்கி எனக்கு அவரு செவப்பாத் தெரிஞ்சாரு. அவரும் எந்திரிச்சு என்னையப் பாத்து அலறிட்டாரு. "ஐயோ மூஞ்சி, மூஞ்சி போச்சே"ன்னு. என்னையத் தூக்கிட்டு ஆட்டோவுக்கு ஓடினாரு. அழுதாருக்கா. எனக்காக அவரு அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில கேட்டாங்க. "பாத்ரூம்ல வழுக்கிட்டா"ன்னு அவரே சொல்லிட்டாரு. தையல் போட்ட நர்ஸம்மா என்னையப் பாத்தாங்க. நான் ஆமான்னு தலையாட்டினேன். ஏஜென்சி தம்பிட்டயும் அதையேதான் சொன்னாரு. அந்தத் தம்பி சிரிச்சுட்டு, "அண்ணா, எந்த சோப்பு போடுறீங்க வீட்ல? நம்ம சோப்பு போட்டா வழுக்காதே"ன்னு சொல்லிச்சாம். அத்தானும் சிரிச்சாராம்.

எதுக்கு உதைச்சாருன்னு அன்னைக்கு சாயந்தரம் அவரே சொன்னாரு. என் தலைக்கு ஐஸ்கட்டி வச்சுக்கிட்டே சொன்னாரு. குளத்துல ஒரே வரிசையில நாலஞ்சு பேரு சுத்திச் சுத்தி நீந்துவாங்களாம். பின்னால வர்றவன் வேகமா வந்துட்டான்னா, முன்னால போறவன் பாதத்துல இப்படி விரலால ஒரு தட்டு தட்டணும். தட்டிட்டா, முன்னால போறவன் சுவத்துக்குப் பக்கத்துல ஒதுங்கி வழி விட்டுறணும். அது அங்க வழக்கமாம். அன்னைக்கு ஜோயல் அத்தான் காலைத் தட்டியிருக்கான். ஒருதடவ இல்ல, திரும்பத் திரும்ப. மேல வந்தப்புறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "ராஜண்ணே, வயசாயிருச்சு, கொஞ்சம் வழி விடுங்கண்ணே"ன்னு சிரிச்சிருக்கான். பத்மநாபன் சாரும் சேந்து சிரிச்சாராம். "சோப்புக்கு நடிக்கப் போறவன் நீந்துவானாடா"ன்னாராம்.

அந்த நேரம் பாத்து நான் போய் அதே பாதத்தைத் தொட்டிருக்கேன்.

காரணம் தெரிஞ்சப்புறம் கோபம் எப்படிக்கா வரும்? அவரு என்னைய உதைக்கல. காலைத் தட்டினவனத்தான் உதைச்சாரு. நான் நடுவுல இருந்துட்டேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவரே கூப்பிடாம நான் அவரு காலுக்குப் பக்கமே போறதில்ல.

என் மூஞ்சி வீங்கிப்போனதால அந்த பம்பாய்ப் பொண்ணக் கூட்டிட்டு வந்தாங்க. நான் குழந்தைக்குப் பால் குடுக்கணும்ல, அதனால என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. ஓரமா ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. அத்தான் உடம்புல முடியே இருக்கக் கூடாதுன்னு சொன்னதால அன்னைக்குக் காலையிலதான் அவரு நெஞ்சு, முதுகு, காலெல்லாம் நான் அய்யா கத்தியால வழிச்சு விட்டிருந்தேன். மேக்கப் போடுற பிள்ளை தொட்டுப் பாத்துட்டு, "எந்த பார்லர் சார்? இவ்ளோ ஸ்மூத்தா இருக்கு"ன்னு கேட்டுச்சு. அத்தான் ஏதோ ஒரு பெரிய கடை பேரச் சொன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

அந்தப் படத்துல என்ன கதைன்னா, அப்பா ஜெயிச்சுட்டு வந்து நிப்பாரு, குழந்தை தவழ்ந்து போய் அவரு பாதத்தை இப்படித் தட்டும், அவரு குனிஞ்சு தூக்குவாரு. அதான் போர்டுல போட்டிருக்காங்க, பாருங்க. டைரக்டர் அதைச் சொன்னதும் நான் நாற்காலிய விட்டு எந்திரிச்சிட்டேன். குழந்தைக்கு தட்டத் தெரியல. பிஸ்கட்டக் காட்டிக் காட்டிச் சொல்லிக் குடுத்தாங்க. தட்டினா கை தட்டுவாங்க, தூக்குவாங்க, வாயில பிஸ்கட் வைப்பாங்க. சாயந்தரம் வரைக்கும் இதே. எத்தனை தடவ தட்டியிருப்பான்னு கணக்கே இல்ல. ஒவ்வொரு தடவையும் அத்தான் தொடைச் சதை இழுக்கிறது எனக்கு இங்கருந்து தெரியுது. ஆனா ஒருதடவகூட கால் அசையலக்கா. சிரிச்ச முகமாத்தான் நின்னாரு. கேமரா முன்னால அவ்வளவு பொறுமை அவருக்கு. நினைச்சா அடக்கத் தெரிஞ்ச மனுசன்.

அப்புறம் தேர்வுப் போட்டி நாள் குறிச்சாங்க. அதுக்கு முந்தின வாரம் சொந்தக்காரங்கள்லாம் வந்து பயிற்சியப் பாக்கலாம்னாங்க. நானும் இவளத் தூக்கிட்டுப் போய் படியில உக்காந்திருந்தேன். ரிலே மாத்துற பயிற்சி, நாலாவது இடத்துக்கு நிக்கிறவங்களையும் சேத்து மாத்தி மாத்தி விட்டாங்க. ஜோயல் நீந்தி வர்றான், அத்தான் மேடையில நிக்காரு, ஜோயல் சுவத்தைத் தொட்டதும் அத்தான் அவன் தலைக்கு மேல பாயணும். பாஞ்சாரு. ஆனா எட்டிப் பாயல. கீழ பாஞ்சாரு. குதிகால் அவன் உச்சந்தலையில இறங்கிச்சு.

தேங்கா உடைச்ச மாதிரி சத்தம்க்கா. நீலத் தண்ணியில செவப்பு எப்படிப் பரவுதுன்னு அன்னைக்குத்தான் பாத்தேன். பூ விரிஞ்ச மாதிரி விரியும். அவனைத் தூக்கிப் போட்டாங்க, வாய்லயும் மூக்குலயும் தண்ணி வருது, கண்ணு மேல சொருகிக் கிடக்கு. அத்தான் அக்கரை வரைக்கும் நீந்திட்டுத்தான் திரும்பிப் பாத்தாரு. "கால் தவறிருச்சு சார்"ன்னாரு. பத்மநாபன் சார் அவரைப் பாத்தாரு. "ஆமா, தவறும்"னாரு. "தண்ணிக்குள்ள நடக்குறதுக்கு யாரு சாட்சி"ன்னு சொல்லிட்டு விசிலை ஊதிட்டாரு.

படியில எனக்குப் பக்கத்துல ஜோயலோட அம்மா உக்காந்திருந்தாங்க. அந்தம்மா எந்திரிச்சு ஓடினதுல கைப்பை என் மடியில விழுந்துச்சு. நான் அதை எடுத்து வச்சுக்கிட்டு, யாருட்ட குடுக்கிறதுன்னு தெரியாம கடைசி வரைக்கும் நின்னேன். அந்தம்மா வந்து வாங்கும்போது, "உங்க வீட்டுக்காரரு உங்களயும் இப்படித்தான் மிதிப்பாரா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அவ்வளவு கோபம். என்ன பேச்சு அது? கால் தவறிருச்சுன்னு அவரு சொல்லிட்டாரு. பதில் சொல்லணும்னு நினைச்சேன், கைப்பையத்தான் நீட்டினேன். எனக்குத்தான் வாய் வராதே.

ஜோயலுக்குத் தையல் போட்டாங்க. ஆனா அவன் தேர்வுக்கு வந்துருவேன்னு சொல்லிட்டான். அத்தானுக்குத் தூக்கமே போச்சு.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம். பெரிய போட்டிக்கு முன்னால இவங்க எல்லாரும் உடம்பு பூரா முடி எடுத்துருவாங்கக்கா. முடி எடுத்த உடம்புக்கு தண்ணி வேற மாதிரி தெரியுமாம். வழுக்கிக்கிட்டு போகுமாம். டீம்ல இருக்கவங்க ஒருத்தர் முதுகை இன்னொருத்தர் எடுத்து விடுவாங்க. அத்தான் மட்டும் குடுக்க மாட்டாரு. "என் முதுகை அவனுகள்ட்ட குடுத்துட்டு நான் குனிஞ்சு உக்காருவனா? நீ வா"ன்னாரு. எனக்கு சந்தோசந்தான். அவரு என் முன்னால தலை குனிஞ்சு உக்காருறது அந்த நேரம் மட்டுந்தானே.

பாத்ரூம்ல வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்தாரு. நான் கத்திக்குப் புது பிளேடு போட்டேன். அய்யா கத்தி. கல்யாணத்தப்ப எல்லாரும் நகையக் கேட்டாங்க, நான் இதைத்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். முதுகு முடிஞ்சுச்சு, பிடரி முடிஞ்சுச்சு. ஒரு கீறல் இல்ல. அவரு பேசிக்கிட்டே இருந்தாரு. நாளைக்கு ஜெயிச்சுட்டா விளம்பரம் வந்துரும், அடுத்து இன்னொரு கம்பெனி இருக்கு, குழந்தைய வச்சு இன்னும் ரெண்டு எடுக்கணும்னு கேட்டிருக்காங்க, இவ கைராசிக்காரின்னு பேசிக்கிட்டே இருந்தாரு. நல்ல மனநிலையில இருந்தாரு. அதைச் சொல்லணும்ல.

கடைசியா கால். குப்புறப் படுத்துக்கிட்டாரு, தலை பாத்ரூம் உள்ள, கால் ரெண்டும் வாசப்படிக்கு வெளிய. நான் வெளிய உக்காந்து வலது கெண்டைக்காலை எடுத்துட்டு, குதிகாலுக்கு மேல நரம்பு எழும்பி நிக்கும்ல, அங்க வந்துட்டேன்.

இவ தூங்கிட்டுத்தான் இருந்தா. எப்ப முழிச்சா, எப்ப தவழ்ந்து வந்தா, எனக்குத் தெரியாது. கொலுசுச் சத்தம்கூட கேக்கல. வந்து, அவரு இடது பாதத்தை, சொல்லிக் குடுத்த மாதிரியே தட்டினா. தட்டிட்டு நிமிந்து பாத்துச் சிரிச்சா. பிஸ்கட் வரும், தூக்குவாங்கன்னு.

கால் போச்சு. இவ பறந்தாக்கா. நிசமாவே பறந்தா. தாடை போய் நிலைப்படியில மோதிச்சு. முதல்ல சத்தமே இல்ல. ஒரு குழந்தை அழணுமே, அழுகை வரலன்னா அந்த நேரம் எவ்வளவு நீளம்னு பெத்தவளுக்குத்தான் தெரியும். "என்னட்டி அங்க? தட்டினது யாரு?"ன்னு அத்தான் திரும்பாமலே கேட்டாரு. அப்புறந்தான் வீல்னு ஒரு அழுகை. வாய் பூரா ரத்தம்.

கை தவறிருச்சுக்கா.

எப்படித் தவறிச்சுன்னு தெரியல. அந்த அதிர்ச்சியிலதான். வலது கை எங்க இருந்துச்சோ அங்க அழுத்திருச்சு. அரை பிளேடுதான், ஆனா புதுசு. அவரு அலறி எந்திரிக்கப் பாத்தாரு, கால் ஊன்றினதும் உள்ள ஏதோ பட்டுனு அறுந்துச்சு, அந்தச் சத்தம் எனக்கே கேட்டுச்சு. அப்படியே விழுந்தாரு. நுரையும் ரத்தமும் கலந்து அந்த டைல்ஸ் மேல ஓடுது. நான் முதல்ல குழந்தையத்தான் தூக்கினேன். அது தப்பாக்கா? கட்டின புருசன் அப்படிக் கிடக்கும்போது முதல்ல குழந்தையத் தூக்கினது தப்பான்னு இப்பவும் எனக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

அவரு தவழ்ந்து வந்து என் முடியப் பிடிச்சாரு. ரெண்டு மூணு அடி விழுந்துச்சு. படுத்துக்கிட்டே அடிச்சதால பலமா விழல. "என் காலு, என் காலு, நாளைக்கு, நாளைக்கு"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே அடிச்சாரு. அப்புறம் மயங்கிட்டாரு.

அதே ஆஸ்பத்திரி. அதே நர்ஸம்மா. டாக்டர் என்ன ஆச்சுன்னு கேட்டாரு. எனக்குத்தான் வெளியாளுட்ட பேச வராதே, ஆனா அன்னைக்கு அது தானா வந்துச்சு. "பாத்ரூம்ல வழுக்கிட்டாரு"ன்னேன். "குழந்தைக்கு?" "அவளும் வழுக்கிட்டா." நர்ஸம்மா என் புருவத்தைப் பாத்தாங்க, குழந்தை தாடையப் பாத்தாங்க, அவரு காலைப் பாத்தாங்க. "உங்க வீட்டு பாத்ரூம் ஆளுக்கு ஆள் பாத்து வழுக்குதும்மா"ன்னாங்க. அத்தானுக்கு அதுக்குள்ள நினைவு வந்துருச்சு. என்னையே பாத்தாரு. டாக்டர் அவருட்ட திரும்பி, "வழுக்கினதுதானா ராஜ்?"ன்னு கேட்டாரு. ஆமான்னு தலையாட்டினாரு.

எவ்வளவு நம்பிக்கை பாருங்க என் மேல. அப்புறம் நான் கை தவறிருச்சுன்னு சொன்னப்பகூட ஒரு கேள்வி கேக்கல.

நாலாவது இடம் ஜோயலுக்குப் போச்சு. தலையில தையலோட நீந்தி ஜெயிச்சானாம். ஆரஞ்சு வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அத்தான் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு. போகும்போது வராந்தாவுல எங்கிட்ட வந்து, "அக்கா, நான் அன்னைக்கு காலைத் தட்டினது விளையாட்டுக்குத்தான்"ன்னான். இவன் விளையாட்டு எங்க வந்து நின்னுச்சுன்னு அவனுக்குத் தெரியுமா?

அந்தப் போர்டா? ஆமா, இவ்வளவு பெருசா வச்சிட்டாங்க. நல்லாப் பாருங்கக்கா, அந்த ஆம்பள முகம் எங்க அத்தான் இல்ல. ஜோயல். ரிலே டீம்ல இருக்கவருதான் வேணும்னு கம்பெனி சொல்லிருச்சு. ஆனா குழந்தைய வச்சு திரும்ப எடுக்க முடியாதாம், வளந்துட்டாளாம், தழும்பு வேற. அதனால தலைய மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்திட்டாங்க. கழுத்துக்குக் கீழ எங்க அத்தான்தான். உடம்புக்கு சம்மதம்னு அவருதான் ஆஸ்பத்திரிக் கட்டில்லயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அந்த நெஞ்சு நான் வழிச்ச நெஞ்சு. இவ தட்டுறா பாருங்க, அந்தக் குதிகால், அது அவரோடது. இப்ப அப்படி இல்ல. தடி ஊனித்தான் நடக்காரு. தடி நல்ல கனம்.

இப்பல்லாம் சவரம்கூட அவரே பண்ணிக்கிடுறாரு. என் கையில குடுக்கிறதில்ல. எனக்கு வேலைய மிச்சம் பண்றாரு. என்னையக் கூப்பிடுறதுகூட தூரத்துல இருந்துதான். தூங்கும்போது கதவை உள்பக்கமா பூட்டிக்கிடுறாரு, குழந்தை சத்தம் கேக்காம இருக்க. ஒருநாள் மட்டும் குழந்தை தடியப் பிடிச்சு இழுத்துட்டா. அவரு தடிய ஓங்கிட்டு, என் கையைப் பாத்தாரு. என் கையில அப்ப சும்மா கரண்டிதான் இருந்துச்சு. தடியக் கீழ போட்டுட்டாரு.

நான் ஊருக்கு ரெண்டு நாளைக்குத்தான் போறேன். அய்யாவப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை திரும்பிருவேன். அவரும் வெள்ளிக்கிழமை வந்துரணும்னு சொல்லித்தான் அனுப்பினாரு... இல்ல, சொல்லல, நான் வந்தது அவருக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்சா அப்படித்தான் சொல்லுவாரு. இந்தப் பையா? ஆமா, கனந்தான். இவ துணி பூரா எடுத்துட்டேன், தடுப்பூசி அட்டை எடுத்துட்டேன், தொட்டில் சேலைகூட அவுத்து எடுத்துட்டேன். ரெண்டு நாளைக்கு எதுக்குன்னு எனக்கே தெரியல. அய்யா கத்தியும் உள்ளதான் இருக்கு. அங்க விட்டுட்டு வர மனசில்ல.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். காலையிலருந்து அடிக்கத்தான் செய்யுது. எடுத்தா எனக்குப் பேச வராது.

அக்கா, ஒரு உதவி. மதுரையில இறங்குறப்ப தடி ஊனிக்கிட்டு ஒருத்தர் யாரையாச்சும் விசாரிச்சா, கார் பிடிச்சு வந்தாலும் வருவாரு, என்னையப் பாக்கலன்னு சொல்லிருங்க. எதுக்குன்னு கேக்காதீங்க. நான் வெள்ளிக்கிழமை போயிருவேன்.

டிரைவர் வந்துட்டாரு. எல்லாரும் ஏறுறாங்க. இனிகா, இங்க வா. எங்க தவழ்ந்து போயிட்டா? சீட்டுக்குக் கீழ... ஏய், ஏய், அக்கா காலைத் தொடாத! விடு, விடுட்டி!

ஒண்ணுமில்லக்கா. கம்பியில லேசா இடிச்சுக்கிட்டேன். நீங்க காலைத் தூக்கினீங்களா, நான்... செருப்பு மாட்டத்தான் தூக்கினீங்களா. தெரியாம நடுவுல பாஞ்சுட்டேன். மன்னிச்சுக்கிடுங்க. இவளுக்கு அந்தப் பழக்கம் மட்டும் போகவே மாட்டேங்குது. இவ்வளவு ஆகியும் காலைக் கண்டா போய்த் தட்டுறா. தட்டிட்டு நிமிந்து பாக்குறா.

ஐயோ, நீங்க எதுக்கு, சேலையெல்லாம் அழுக்காகும். எச்சில் வடிப்பா.

தூக்கிட்டீங்க.

சிரிக்கிறா பாருங்க. இறங்கப் பாக்குறா, திரும்பவும் தட்டணுமாம். பரவாயில்லையாக்கா? உங்களுக்குச் சங்கடமா இல்லையே?

சரி. கீழ விடுங்க. தட்டட்டும்.